பயிற்சியும் மேடைப் பேச்சும்: ஒரு வீல்சேர் ரேஸ் வீராங்கனையோட ஒரு சீசன், ஒரு நிகழ்வு ஆய்வு

எதுக்காக இந்தப் பதிவு

மாற்றுத்திறனாளி விளையாட்டு வீரர்களுக்கு பிசியோவா இருக்கேன். என்கிட்ட வர்ற ஒரு வீராங்கனையோட ஒரு சீசன்ல என்ன நடந்துச்சுன்னு அவங்க சம்மதத்தோட எழுதுறேன், போடுறதுக்கு முன்னாடி அவங்களும் அவங்க கோச்சும் படிச்சுட்டாங்க. பேரு, ஊரு போடல. ரேஸ் டைமும் போடல, ஏன்னா நம்ம நாட்டுல வீல்சேர் ரேஸ் ஓட்டுற பெண்கள் ரொம்பக் கம்மி, டைமைப் பாத்தாலே தெரிஞ்சவங்க யாருன்னு சொல்லிடுவாங்க.

பயிற்சியையும் தன்னம்பிக்கைப் பேச்சையும் சேர்த்து நடத்துறவங்க இங்க நிறைய பேர் இருக்காங்க. ரெண்டுல ஒண்ணை விடுன்னு சொல்றவங்களும் நிறைய இருக்காங்க. அப்படிச் சொல்றதுக்கு முன்னாடி உடம்புல எது எங்க இடிக்குதுன்னு பாக்கணும்ங்கிறதுதான் என் கருத்து.

பின்னணி

மதுரைக்குத் தெக்க ஒரு டவுன். வயசு முப்பதுக்குள்ள. காலேஜ் படிக்கும்போது டூவீலர் விபத்துல முதுகுத் தண்டுல டி10 லெவல்ல, அதாவது நடுமுதுகோட பத்தாவது எலும்பு லெவல்ல அடி. தொப்புளுக்குக் கீழ உணர்ச்சியும் இல்ல, அசைவும் இல்ல, மேல் வயித்துத் தசை நல்லா வேலை செய்யும், கை ரெண்டும் முழு பலம். போட்டியில டி54, அதாவது கை முழு பலமும் உடம்பு அசைவு ஓரளவோ முழுசோ இருக்கிற வீல்சேர் வீரர்களுக்கான பிரிவு. 400 மீட்டர், 800 மீட்டர் ரெண்டும் ஓட்டுறாங்க.

ரேஸிங் சேர் பாக்காதவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிடுறேன். வீட்டுல உக்கார்ற வீல்சேருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீளமா மூணு சக்கரம், ரூல்படி பின் சக்கரம் 70 சென்டிமீட்டரும் முன் சக்கரம் 50 சென்டிமீட்டரும் தாண்டக் கூடாது, காலை மடக்கி மண்டி போட்ட மாதிரி உக்காந்து நெஞ்சைக் குனிஞ்சு ஓட்டணும். ரிம்மைப் பிடிச்சுத் தள்றது கிடையாது, கெட்டியான க்ளவுஸ் மாட்டிக்கிட்டு மேல இருந்து அடிச்சு, கீழ வரைக்கும் உரசிக் கொண்டு போய் விடணும், அந்த அடி எல்லாமே தோள்ல இருந்துதான் வரணும். 800 மீட்டரும் அதுக்கு மேலயும் ஹெல்மெட் கட்டாயம்.

இதுல தோள்தான் எல்லாம். ஆனா அதே தோள்தான் பெட்டுல இருந்து சேருக்கு மாறவும், சேர்ல இருந்து காருக்கு மாறவும், பாத்ரூம் போகவும். நடக்கிற வீரருக்கு கால் வலிச்சா ரெண்டு நாள் காலுக்கு ரெஸ்ட் குடுக்கலாம். இவங்களுக்கு தோள் வலிச்சா ரெஸ்ட்னு ஒண்ணு குடுக்கவே முடியாது. இந்தக் கேஸ் முழுக்க இதை மனசுல வச்சுப் படிங்க.

வாரத்துல ஆறு நாள் காலைல பயிற்சி. அஞ்சு மணிக்கு முன்னாடியே பைபாஸ் ரோட்டுல ஆரம்பிச்சு வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுடுவாங்க, வாரத்துக்கு ரெண்டு தடவ சிந்தெடிக் டிராக், சாயங்காலம் வீட்டுல ரோலர் (சேரை நின்ன இடத்துலயே ஓட்டுற உருளை), ரெண்டு நாள் ஜிம். கோச் ரிட்டயர்டு பி.டி. வாத்தியார், சம்பளம் வாங்குறதில்ல. காரு ஓட்டுறது, போன் எடுக்குறது, ப்ரோக்ராம் தேதி குறிக்கிறது எல்லாம் அவங்க அண்ணன்.

பேச்சு எப்படி ஆரம்பிச்சுதுன்னா, ஸ்டேட் மீட்ல மெடல் வாங்கினதும் பேப்பர்ல போட்டோ வந்துச்சு, பக்கத்து காலேஜ்ல ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டாங்க, பொன்னாடை போத்தி ஒரு மொமெண்டோ குடுத்து ரெண்டு வார்த்தை பேசுங்கன்னாங்க, அவங்க அரை மணி நேரம் பேசினாங்க, அரங்கமே எந்திரிச்சு கை தட்டுச்சு. அப்புறம் ஒருத்தர் சொல்லி ஒருத்தர்னு சிவகாசி, கோவில்பட்டி, திண்டுக்கல், கோயம்புத்தூர் வரைக்கும் போக ஆரம்பிச்சாங்க. மாசத்துக்கு ஏழெட்டுக்கு வந்து நின்னுச்சு. பாதிப் பேரு பணம் குடுப்பாங்க, மீதிப் பேரு பொன்னாடையோட சரி. ஆனா வந்த பணம்தான் டயருக்கும் க்ளவுஸ் ரப்பருக்கும் ஜிம்முக்கும். ரேஸிங் சேர் டயர் பசை போட்டு ஒட்டுற டியூபுலர் டயர், வெளிநாட்டுல இருந்து வரணும், தேஞ்சா புதுசு மாட்டுறதத் தவிர வேற வழி கிடையாது.

எங்க கண்ணுல பட்டது

சீசன் ஜூன்ல ஆரம்பிச்சுது. ஆகஸ்ட் வரைக்கும் டைம் நல்லா இறங்கிட்டு வந்துச்சு. செப்டம்பர்ல இருந்து நின்னுடுச்சு. 400 மீட்டர் ரிப்பீட், அதாவது அதே தூரத்தை இடைவெளி விட்டு விட்டு ஆறு தடவ ஓட்டினா முதல் மூணு ஒழுங்கா வரும், நாலாவதுல இருந்து கை கனமாயிடுச்சுன்னு சொல்லுவாங்க. கோச் இது ஸ்டாமினா பிரச்சினைன்னு நினைச்சு தூரத்தைக் கூட்டினார், தோள் வலி வந்துச்சு, நான் ஜிம்முல மேல தூக்குற எக்சர்சைஸ் எல்லாத்தையும் நிறுத்தினேன், வலி குறையல.

வீல்சேர்ல இருக்கறவங்களோட தோள் வலிக்குன்னே ஒரு கேள்வித்தாள் இருக்கு, 15 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 10, மொத்தம் 150. பெட்டுல இருந்து மாறும்போது, சரிவுல ஏறும்போது, மேல் ஷெல்ஃப்ல இருந்து பொருள் எடுக்கும்போது, தூங்கும்போதுன்னு வலி எப்ப வருதுன்னு பிரிச்சுக் கேக்கும். இவங்களுக்கு ஐம்பதைத் தாண்டி இருந்துச்சு. அதுல எனக்குப் புதுசா தெரிஞ்சது என்னன்னா, சேர் மாறுறதுக்கும் சரிவு ஏறுறதுக்கும்தான் நம்பர் ஜாஸ்தி. பயிற்சியில வர்ற வலி நடுத்தரம்தான்.

அக்டோபர்ல காய்ச்சல். யூரின் இன்ஃபெக்‌ஷன். ஆன்டிபயாட்டிக் போட்டு ஒரு வாரம் பயிற்சி போச்சு. நவம்பர் நடுவுல மறுபடியும் அதே. அதோட உக்கார்ற எலும்புக்கு மேல தோல்ல ஒரு சிவப்பு, விரலால அமுக்கினா வெளுக்காத சிவப்பு, படுக்கைப் புண்ணோட முதல் கட்டம் அது. அது மறையிற வரைக்கும் உக்காரக் கூடாதுன்னு சொல்லி குப்புறப் படுக்க வச்சோம். உணர்ச்சி இல்லாத இடம், அவங்களுக்கு வலிக்காது. அம்மா ராத்திரி துணி மாத்தும்போது பாக்கலன்னா தோல் பிரிஞ்சு மாசக்கணக்குல படுக்கை ஆயிருக்கும். கூட இருக்கறவங்க கண்ணுதான் இந்த விஷயத்துல பாதி மருத்துவம்னு நான் எல்லார்கிட்டயும் சொல்வேன்.

நோட்டுல தெரிஞ்ச விஷயம்

எங்ககிட்ட பயிற்சி நோட்டு ஒண்ணு உண்டு. ஒவ்வொரு பயிற்சிக்கும் எவ்ளோ கஷ்டமா இருந்துச்சுன்னு 0ல இருந்து 10க்குள்ள ஒரு நம்பர் போட்டு அதை நிமிஷத்தால பெருக்கி எழுதணும். 90 நிமிஷம் பயிற்சி, கஷ்டம் 6ன்னா அன்னிக்கு லோடு 540. பேச்சு அந்த நோட்டுலயே கிடையாது, அன்னிக்கு ரெஸ்ட்னு எழுதி இருக்கும். எழுதினா கூட 40 நிமிஷப் பேச்சு, கஷ்டம் 3ன்னு போட்டா 120தான் வரும், ஒண்ணுமே இல்லாத மாதிரி.

நவம்பர் கடைசில அந்த முறையை மாத்தினோம். வீட்டை விட்டு கிளம்புறதுல இருந்து திரும்பி வந்து படுக்குற வரைக்கும் என்னென்ன நடந்துச்சுன்னு அண்ணன் எழுதணும்: எத்தனை மணி நேரம் உக்காந்தாங்க, எத்தனை தடவ சேர் மாறினாங்க, எவ்ளோ தண்ணி குடிச்சாங்க, எத்தனை மணிக்குத் தூங்கினாங்க. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம், அந்த வாரம் பூரா கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க, அதனால எழுதுறதுக்கு நிறையவே கிடைச்சுது.

ஒரு நாளை மட்டும் சொல்றேன். காலேஜ் ஒண்ணரை மணி நேரத் தூரம். பத்து மணி ப்ரோக்ராம்னு சொன்னாங்க, ஆறரைக்கு எந்திரிச்சு எட்டுக்குக் கிளம்பினாங்க, அதனால காலைப் பயிற்சி கிடையாது. சீஃப் கெஸ்ட் பன்னெண்டு மணிக்கு வந்தார். குத்துவிளக்கு, வரவேற்புரை, ஆண்டறிக்கை, வாழ்த்துரை எல்லாம் முடிஞ்சு இவங்க மைக்கைப் பிடிக்கும்போது மணி ஒண்ணே கால். மேடைக்கு சரிவு கிடையாது, நாலு பசங்க சேரோட தூக்கிட்டு ஏறினாங்க, ஏறும்போது ஒரு பக்கம் சாஞ்சுச்சு, இவங்க விழாம இருக்க ஒரு கையால மேடைக் கம்பியைப் புடிச்சுக்கிட்டாங்க, அன்னிக்கு ராத்திரியில இருந்து அந்தத் தோள்தான் வலி. பேசி முடிச்சதும் போட்டோ, செல்ஃபி, ஆட்டோகிராஃப், கரஸ்பாண்டன்ட் ரூம்ல சாப்பாடு. வீட்டுக்கு வரும்போது ஆறு மணி. பேசின சந்தோஷத்துல ராத்திரி பன்னெண்டு வரைக்கும் தூக்கம் வரல. மறுநாள் காலைல டிராக்ல இன்டர்வெல், அதாவது அந்த ரிப்பீட் பயிற்சி, அதுல நாலாவது ரிப்பீட்ல கை கனம்.

தண்ணி பத்தித் தனியா சொல்லணும். அன்னிக்குக் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அவங்க குடிச்சது அரை டம்ளர். ஏன்னு கேட்டேன். "அக்கா, அங்க எனக்கு போற மாதிரி பாத்ரூம் இருக்காது, கதவுக்குள்ள சேர் நுழையாது, அதனால ப்ரோக்ராம் அன்னிக்கு நான் எப்பவுமே தண்ணி குடிக்கறதில்ல"ன்னாங்க. இதை இத்தனை வருஷமா யாருகிட்டயும் சொல்லல, அம்மாகிட்ட கூட. முதுகுத் தண்டு அடிபட்டவங்கள்ல நிறைய பேர் நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருதரம் கேத்திட்டர்ங்கிற மெல்லிய குழாய் போட்டு யூரினை எடுத்தாகணும். எடுக்காம விட்டா, தண்ணியும் குடிக்காம விட்டா, உள்ள தேங்கி கிருமி வளர்றதுக்கு வேற எதுவுமே வேணாம். சாதாரண ஆளுக்கு யூரின் போகும்போது எரியும், உடனே தெரியும். இவங்களுக்கு எரிச்சல் தெரியாது, கலங்கலா போகுது, நாத்தம் அடிக்குது, கால் துடிப்பு ஜாஸ்தியாகுது, அப்புறம் காய்ச்சல். அக்டோபர் இன்ஃபெக்‌ஷனையும் நவம்பர் இன்ஃபெக்‌ஷனையும் காலண்டர்ல வச்சுப் பாத்தோம், ரெண்டுமே தூர ஊர் ப்ரோக்ராம் அடுத்தடுத்து இருந்த வாரத்துக்குப் பின்னாடிதான் வந்திருக்கு. இது நிரூபணம்னு நான் சொல்ல வரல, ஒரு ஆளோட காலண்டர்தான், ஆனா முடிவெடுக்க எங்களுக்கு அது போதுமா இருந்துச்சு.

ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் வந்தது 2016ல. ஏற்கனவே இருக்கிற பொதுக் கட்டடத்தை எல்லாம் அஞ்சு வருஷத்துக்குள்ள எல்லாரும் புழங்குற மாதிரி மாத்தணும்னு அதுல இருக்கு, அந்தக் காலக்கெடுவும் தாண்டிப் போச்சு. தன்னம்பிக்கையைப் பத்திப் பேச ஒருத்தரைக் கூப்பிடுற இடத்துல அவங்க ஒரு நாள் பூரா தண்ணி குடிக்காம உக்காந்திருக்காங்கங்கிறதை என்னால இன்னிக்கும் சாதாரணமா எடுத்துக்க முடியல.

முடிவெடுத்த அன்னிக்கு

டிசம்பர் ரெண்டாவது வாரம் அவங்க வீட்டுல உக்காந்தோம், அவங்க, அம்மா, அண்ணன், கோச், நான். நேஷனல்ஸ் கடைசி சில வருஷமாவே ஜனவரில இருந்து மார்ச்சுக்குள்ள வருது. காலேஜ் ஆண்டு விழாவும் அப்பதான், மார்ச் 8 மகளிர் தினமும் அப்பதான். ரெண்டும் அப்படியே மேல மேல விழுது.

கோச் நேரடியா கேட்டார், "மேடையா மெடலா, ஒண்ணைச் சொல்லும்மா."

"சார், மேடை இல்லன்னா டயர் வாங்கக் காசு இல்ல, டயர் இல்லாம மெடலுக்கு எங்க சார் போறது?" அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "பணத்துக்கு மட்டும்னா நான் விட்டுடுவேன் சார். போன மாசம் ஒரு ஸ்கூல்ல பேசி முடிச்சதும் ஒரு அம்மா அவங்க பொண்ணைத் தூக்கிட்டு வந்தாங்க, பொறந்ததுல இருந்தே முதுகுல பிரச்சினை, பன்னெண்டு வயசு வரைக்கும் அந்தப் பொண்ணு இடுப்புலதான் இருக்கா, வீல்சேரே குடுக்கல. கேத்திட்டர்னு ஒண்ணு இருக்குறதே அவங்களுக்குத் தெரியல சார். அதைச் சொல்ல நான் போகலன்னா யாரு போவா?"

அதுக்கப்புறம் கோச் விடச் சொல்லிக் கேக்கல. எப்படிச் செய்யலாம்னு பேச்சு மாறிடுச்சு.

உலகத்துல பேர் போன வீல்சேர் ரேஸ் வீரர்கள்ல சிலர் பெரிய மேடைகளுக்குப் போனது ரேஸை விட்டதுக்கு அப்புறம். பிரிட்டன்ல டானி கிரே தாம்சன் பாராலிம்பிக்ஸ்ல 11 தங்கம் வாங்கி 2007ல ஓய்வு பெற்று, 2010ல பாராளுமன்ற மேலவைக்குப் போனாங்க. இங்க அப்படி ஒண்ணுக்கப்புறம் ஒண்ணுன்னு காத்திருக்க முடியாது, மேடையில வர்ற காசுலதான் ரேஸே நடக்குது. அதனால ரெண்டும் இருக்கும்னு எடுத்துக்கிட்டுத்தான் திட்டம் போட்டோம்.

என்னென்ன முடிவு, ஏன்

முதல் முடிவு, பேச்சும் பயிற்சி நோட்டுல ஏறும். பேச்சோட நிமிஷம் இல்ல, கிளம்புறதுல இருந்து வந்து படுக்குற வரைக்கும் ஒரு பயிற்சி நாள்னு கணக்கு. அதுக்கு மறுநாள் இன்டர்வெல்லும் கிடையாது, ஜிம்மும் கிடையாது, வீட்டுல ரோலர்ல லேசா சுத்திட்டு டெக்னிக் மட்டும். அதனால வாரத்துக்கு ஒரு பேச்சுக்கு மேல போட்டா டிராக் பயிற்சி ஒண்ணு விழுந்துடும்னு அவங்களுக்கே நோட்டைப் பாத்தா தெரியும், நாங்க யாரும் சொல்ல வேண்டியதில்ல.

அடுத்து வருஷத்தைப் பிரிச்சது. ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் எந்த ஊருக்கும் போகலாம், டிசம்பர்ல இருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள்ள மட்டும் இல்லன்னா ஆன்லைன்ல, நேஷனல்ஸுக்கு முந்தின மூணு வாரம் எதுவுமே கிடையாது. கடைசி மூணு வாரம் ஏன்னா அப்பதான் பயிற்சி தூரத்தைக் குறைச்சு வேகத்தை ஏத்துவோம், உடம்பு ஃப்ரெஷ்ஷா வரணும், அந்த நேரத்துல ஒரு இன்ஃபெக்‌ஷன் வந்தா சீசனே போச்சு.

மூணாவது, எங்க நிபந்தனை எல்லாம் எழுதின ஒரு பேப்பர். கூப்பிடுறவங்க யாரா இருந்தாலும் தேதி குடுக்குறதுக்கு முன்னாடி நாங்க அவங்களுக்கு அதை அனுப்பணும். சேர் உள்ள போற மாதிரி கதவு இருக்கிற பாத்ரூம், அதோட போட்டோ. மேடைக்கு சரிவு, 1க்கு 12ங்கிற அளவுல, அதாவது ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். இல்லன்னா கீழயே மைக் குடுங்க, தூக்குறது மட்டும் கூடவே கூடாது. சொன்ன நேரத்துல இருந்து அரை மணி நேரம் தள்ளினா இவங்களை முதல்ல பேச விடணும். இதை அண்ணன் ரொம்ப எதிர்த்தார், பெரிய மனுஷங்ககிட்ட இப்படியெல்லாம் கண்டிஷன் போட்டா திமிருன்னு சொல்வாங்கன்னு. அம்மாதான் சொன்னாங்க, "சொல்லட்டும்டா. ஆஸ்பத்திரில அவங்களா வந்து உக்காரப் போறாங்க?"

பணத்துக்கு ஒரு தொகை வச்சோம், காருக்குத் தனி. அரசுப் பள்ளிக்கு மட்டும் மாசம் ஒண்ணு இலவசம், பக்கத்துல இருக்கணும். இது அவங்க வச்ச நிபந்தனை, பேச்சு வார்த்தைக்கே இடம் குடுக்கல.

தண்ணிக்கும் உக்கார்றதுக்கும் எந்த விலக்கும் கிடையாது. பேச்சு அன்னிக்கும் வழக்கமான தண்ணி, வழக்கமான நேரத்துல கேத்திட்டர், வழியில நிறுத்தறதுக்கு எந்த பங்க்ல வசதியா இருக்குன்னு அண்ணன் முன்னாடியே பாத்து வைக்கணும். கார்லயும் மேடையிலயும் அரை மணிக்கு ஒருதரம் முன்னாடி சாஞ்சு உக்கார்ற எலும்பு மேல இருக்கிற எடையை எடுக்கணும். கையை ஊனி உடம்பைத் தூக்குற முறையை விட்டுட்டோம், அது தோளுக்கு இன்னொரு சேர் மாறுற மாதிரிதான்.

பேச்சோட உள்ளடக்கத்தையும் தொட்டோம், இது நான் எதிர்பார்க்காத இடம். அதுவரைக்கும் பேச்சுல பாதி விபத்துதான். லாரி, ரத்தம், ஆஸ்பத்திரி, அம்மா அழுதது. கூட்டம் அழும். ஆனா ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லிட்டு வந்த ராத்திரி தூக்கம் கெடுதுன்னு அவங்களாவே சொன்னாங்க. ஆஸ்திரேலியாவுல ஸ்டெல்லா யங்னு ஒருத்தங்க, சேர்லயே வாழ்ந்தவங்க, 2014ல ஒரு மேடையில இதைத்தான் பேசினாங்க: மாற்றுத்திறனாளி சும்மா வாழ்றதையே அதிசயமா காட்டி, பாக்குறவங்க தங்களைத் தேத்திக்கிறதுக்கு அவங்களைப் பயன்படுத்துறது தப்புன்னு. அதை அவங்களுக்குப் போட்டுக் காமிச்சேன். ரெண்டு நாள் கழிச்சு பேச்சை மாத்தி எழுதிட்டு வந்தாங்க. விபத்து ரெண்டு மூணு நிமிஷம், மீதி முழுக்க பயிற்சி எப்படி நடக்குது, ரேஸிங் சேர் எப்படி வேலை செய்யுது, பாத்ரூம் ஏன் முக்கியம், கேத்திட்டர்னா என்ன.

அதுக்கப்புறம் என்ன ஆச்சு

அழைப்பு சட்டுன்னு குறைஞ்சுது. பேப்பரை அனுப்பினதும் பாதிப் பேர் திரும்பக் கூப்பிடவே இல்ல. சொந்தக்காரர் ஒருத்தர் டிரஸ்டியா இருக்கிற காலேஜ் ஒண்ணு இருக்கு, அவர் அண்ணன்கிட்ட வருத்தப்பட்டுப் பேசி ரெண்டு குடும்பத்துக்கும் கொஞ்ச நாள் பேச்சு இல்லாம போச்சு. ஒரு இடத்துல பாத்ரூம் போட்டோ அனுப்பினாங்க, நல்லா இருந்துச்சு, போய்ப் பாத்தா அது வேற பில்டிங், அரங்கத்துல இருந்து கால் கிலோமீட்டர் மண் ரோடு. அன்னிக்கு சீக்கிரமா பேசிட்டுக் கிளம்பிட்டாங்க. இன்னொரு காலேஜ்ல பேப்பரைப் பாத்துட்டு கட்டட வேலை பாக்குற ஆளை வச்சு மேடைக்கு சிமெண்ட்ல சரிவே போட்டுட்டாங்க, அது இன்னிக்கும் அங்க இருக்கு, அங்க படிக்கிற ஒரு பையன் அதுலதான் ஏறுறான்.

உடம்புல மாற்றம் ஜனவரி நடுவுல தெரிய ஆரம்பிச்சுது. நாலாவது ரிப்பீட்ல கை கனம்னு சொல்றது நின்னுச்சு. தோள் கேள்வித்தாள் நம்பர் பிப்ரவரில இருபத்தஞ்சு பக்கம் வந்துச்சு, அதுல பேச்சு குறைஞ்சதுக்கு எவ்ளோ பங்கு, நான் மாத்தின எக்சர்சைஸுக்கு எவ்ளோ பங்குன்னு பிரிக்க முடியாது, ரெண்டும் ஒரே நேரத்துல நடந்துச்சு. டிசம்பருக்கு அப்புறம் நேஷனல்ஸ் வரைக்கும் இன்ஃபெக்‌ஷன் வரல, தோல்ல சிவப்பும் வரல.

ஆனா பணம். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூணு மாசமும் வருமானம் ரொம்பக் குறைஞ்சுது. ஜனவரில மாத்த வேண்டிய டயரை மாத்த முடியல. தேஞ்ச டயர்லயே நேஷனல்ஸ் ஓட்டினாங்க. க்ளவுஸ் ரப்பரும் பழசு, ரிம்ல பிடிப்பு கம்மி, ஸ்டார்ட்ல அது நல்லாவே தெரிஞ்சுது.

இன்னொண்ணு, கடைசி மூணு வாரம் அவங்க டல்லா ஆயிட்டாங்க. பயிற்சி தூரம் குறைஞ்சுது, பேச்சும் இல்ல, வீட்டுல நேரம் நிறைய. கோச் அதை முதல்ல கவனிச்சார், ஃப்ரெஷ்ஷா இருக்க வேண்டிய ஆள் ஏன் இப்படி இருக்காங்கன்னு என்கிட்ட கேட்டார். கேட்டதுக்கு அவங்க சொன்னது: "ரேஸ்ல வர்ற பயம் எனக்கு மேடையில ஏறி எறங்கினா தெளிஞ்சிடும் அக்கா. இப்ப அது உள்ளயே இருக்கு."

நேஷனல்ஸ்ல 800 மீட்டர் அவங்களோட பழைய பெஸ்ட்டை விட ஆறு செகண்ட் குறைச்சு ஓட்டினாங்க, நாலாவது இடம். மூணாவது வந்தவங்களுக்கும் இவங்களுக்கும் நடுவுல பெரிய இடைவெளி இல்ல. கடைசி வளைவு வரைக்கும் கை தளரல, நான் அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். 400ல மாற்றமே இல்ல, ஸ்டார்ட்லயே பின்தங்கிட்டாங்க. மெடலுக்காகப் போனோம், மெடல் வரல, அவங்க அன்னிக்கு சாயங்காலம் யார்கூடவும் பேசல. மறுநாள் காலைல கோச்கிட்ட கேட்ட முதல் கேள்வி ஸ்டார்ட் பயிற்சி எப்பன்னு.

திரும்பி வந்த ரயில்லதான் மறுபடியும் பழைய கதை. மாற்றுத்திறனாளி பெட்டியில பாத்ரூம் பெருசாத்தான் இருந்துச்சு, ஆனா நடைபாதை முழுக்க ஆளும் மூட்டையும், சேர் நகர வழியில்ல, ராத்திரி பூரா தண்ணி குடிக்கல. ஊருக்கு வந்த நாலாவது நாள் காய்ச்சல். மேடை எதுவுமே இல்லாத வாரத்துல வந்த இன்ஃபெக்‌ஷன் இது, அதாவது கெடுத்தது பேச்சு இல்ல, பயணமும் பாத்ரூமும்தான்னு எங்களுக்கு இன்னும் உறுதியாச்சு.

அடுத்த சீசனுக்கு மாத்தினது

டயர், க்ளவுஸ் ரப்பர் ரெண்டையும் இனி ஆகஸ்ட், செப்டம்பர்ல வாங்கிடணும், அப்ப பேச்சு நடக்குது, கையில காசு இருக்கும். ஜூன்ல இருந்து வர்ற ஒவ்வொரு தொகையிலயும் மூணுல ஒரு பங்கு சேருக்குன்னு அம்மா பேர்ல தனிக் கணக்குல போகுது.

கடைசி மூணு வாரத் தடையை அப்படியே வைக்கல. வீட்டுல இருந்து பத்து நிமிஷத்துல ஒரு அரசுப் பள்ளி இருக்கு, சரிவும் பாத்ரூமும் இருக்கு, ரேஸுக்குப் பத்து நாள் முன்னாடி அங்க ஒரு இருபது நிமிஷப் பேச்சு, காலைப் பயிற்சி முடிச்சதுக்கு அப்புறம், சாப்பாடு போட்டோ எதுவும் கிடையாது. இதுக்கு கோச்சே தேதி குறிச்சுக் குடுத்தார்.

போன் எடுக்குற வேலை அண்ணன்கிட்ட இருந்து மாறிடுச்சு. சொந்தக்காரங்க கேட்டா அவரால முடியாதுன்னு சொல்ல முடியல, அவரைக் குறை சொல்ல என்ன இருக்கு, அவர் அதே ஊர்ல வாழணும். இப்ப அவங்க காலேஜ் தோழி ஒருத்தங்க அதைப் பாக்குறாங்க, பேப்பரை அனுப்புறதும் தொகை பேசுறதும் அவங்கதான். அண்ணன் காரும் ரேஸிங் சேர் மெக்கானிக் வேலையும் பாத்துக்கிறார், டயர் ஒட்டுறதுல அவரை மிஞ்ச ஆள் இல்ல.

ஜூன்லயே சிறுநீரக டாக்டர்கிட்ட ஒரு முழுப் பரிசோதனை, பயணத்துக்குன்னு தனியா ஒரு கேத்திட்டர் திட்டம், ரயில்ல போனா எந்த ஸ்டேஷன்ல எவ்ளோ நேரம் நிக்கும்னு முன்னாடியே எழுதி வச்சுக்கிறது. நேஷனல்ஸ் பயணத்துக்கும் இதே நோட்டு, இதே கணக்கு.

இந்த வருஷ டிசம்பர் 3க்கு இப்பவே அழைப்பு வர ஆரம்பிச்சாச்சு. பேப்பர் போயிருக்கு. ரெண்டு இடத்துல இருந்து பாத்ரூம் போட்டோ வந்திருக்கு, ஒண்ணுல கதவு அகலம் பத்தாதுன்னு தோழி திருப்பி அனுப்பிட்டாங்க, அந்த இடத்துக்காரங்க கதவை மாத்திட்டு மறுபடியும் போட்டோ அனுப்புறோம்னு சொல்லி இருக்காங்க.